கிராப்புத் தலையும் எங்கள் எண்ணெய்க் கடையும்

போன வாரம் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ரயிலில் போனேன். ரயில் எங்கள் ஊர்வரை வந்து அதிக நாளாகவில்லை. இன்னும் சிலர் பெட்டிக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கடைசிப் பலகைதான் கிடைத்தது. வெளியே மூடுபனி, பார்க்க ஒன்றுமில்லை. முன்னால் வரிசையாக ஆண்களின் பின்னந்தலைகள். ஹாலி எல தாண்டும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கிராப்பு. ஒரு குடுமிகூட இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், “என்ன தங்கச்சி, ஏன் அழுவுறீங்க?” என்று கேட்ட பிறகுதான் என் கண் கலங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. கரி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ரயிலில் அது ஒரு சௌகரியம்.

குடுமியைக் காணோம் என்று கண் கலங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் சிரிக்கலாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் எண்ணெய்க் கடை. நல்லெண்ணெய்தான் பிரதானம். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். அப்போதெல்லாம் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். தூத்துக்குடியில் கப்பலேறிய எண்ணெய் கொழும்பில் இறங்கி, பண்டாரவளைவரை ரயிலில் வந்து, அப்புறம் மாட்டுவண்டியில் தகரம் தகரமாக எங்கள் வாசலுக்கு வரும். கடையின் பலகைத் தரை வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்துப் பளபளவென்று இருக்கும். அதில் ஒரு தடவையாவது வழுக்கி விழாத வாடிக்கைக்காரர் கிடையாது. என் பாவாடை, பாடப் புத்தகம், பின்னல் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையில் எழுதியபடி, திரும்பாமலே, “எண்ணெய்க் கடை, பேசாதே” என்பார்.

அந்த வாசத்தை நினைத்தால் ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் ஊர்ப்பக்கம் ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்று எண்ணெய் முழுக்குக்கு நாள் பார்ப்பார்களாம். இங்கே தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை லீவு விடுகிற நாள்தான் நாள். அதனால் எல்லாருக்கும் ஞாயிறு. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே மலைத்தண்ணீர் குழாய் மாதிரி விழும் இடத்தைப் பீலி என்பார்கள். வெயில் ஏறினதும் ஆண்கள் குடுமியை அவிழ்த்துவிட்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய் வழிய, பீலிக்கரைப் பாறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஊறவேண்டும். பிறகு சீயக்காய். பிறகு மிளகு ரசம். அப்புறம் பகலில் தூங்கக்கூடாது என்பதால், சாயங்காலம்வரை உட்கார்ந்து ஊர்க்கதை. வேறு எந்த வேலையும் ஓடாது. அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்பா ஆட்களை முகத்தைப் பார்த்து மதிப்பிடமாட்டார். குடுமியைத்தான் பார்ப்பார். அடர்த்தியாக, இடுப்புவரை தொங்குகிற குடுமிக்காரன் கடைக்கு வந்தால் அவனுக்குத் தனி மரியாதை, மோர்கூடக் கிடைக்கும். வழுக்கைத் தலைக்காரர்களிடம் அப்பா பொதுவாக அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

கிராப்பு எப்போது வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமாரின் பிள்ளைகள் இரண்டொருவர் கண்டிக்குப் படிக்கப் போய் வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் சிரித்தது. அப்புறம் அவர்களைப் பார்த்து லயத்து இளவட்டங்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்த பிறகு குடுமியை அவிழ்த்து உதறி முடிந்துகொண்டு ஓட யாருக்கு நேரம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதே இளவட்டங்களுக்குக் கோட்டு வேண்டியிருந்தது, குடை வேண்டியிருந்தது, பெண்டாட்டிக்குக் கை வைத்த ரவிக்கை வேண்டியிருந்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமையும், சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள். ஞாயிறு போனதும் பாறையில் ஊறுகிற நேரமும் போயிற்று. நேரமில்லாதவனுக்குச் சோப்புதான் சரி. தேய்த்தால் நுரை, ஊற்றினால் முடிந்தது. பீலிக்கரையில் ஒருவன் கோட்டுக்கு ஆசைப்பட்டால் கடைவீதியில் எங்கள் தகரம் ஒன்று விற்காமல் நிற்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே அப்போது தெரியவில்லை.

தெரிந்தது அண்ணன் தலை வழியாகத்தான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுக்குக் கிளாக்கர் வேலை கிடைத்திருந்தது. முதல் லீவில் வந்தவன் வாசலில் நின்று தலைப்பாகையை எடுக்கவே மாட்டேன் என்றான். அம்மா இழுத்துவிட்டாள். உள்ளே தோட்டத்துப் புல்தரை மாதிரி ஒட்ட வெட்டிய தலை. அம்மா ஓவென்று அழுதாள். அப்பா அழவுமில்லை, கையை ஓங்கவுமில்லை. அந்தத் தலையைப் பார்த்து, “ஊரெல்லாம் வெட்டிக்கிட்டு போவட்டும்டா. எண்ணெய்க் கடைக்காரன் மவன் வெட்டலாமா?” என்றார்.

“ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தாம்ப்பா. நான் மட்டும் எப்படிப்பா?” என்றான் அண்ணன். அவன் சொன்னதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள், அதுதான் கஷ்டம்.

பக்கத்துக் கடை காதர் நானா நல்ல மனிதர். அவர் கண்ணாடிப் பெட்டியில் சோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பெட்டிப் பக்கம் மூக்கை நீட்டிவிட்டுத்தான் போவேன். வீட்டில் சொல்லமாட்டேன். அவரே ஒருநாள் அப்பாவிடம், “மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் ரெண்டு பெட்டி சோப்பு எறக்குங்க. கேக்குறதக் குடுக்கிறதுதானே நம்ம தொழிலு?” என்றார். போட்டிக் கடைக்காரனுக்கு இப்படி யோசனை சொல்லுகிறவரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்பா கேட்டார். சோப்பு இறக்கினார். ஆனால் அவரால் அதை விற்க முடியவில்லை. வாங்க வந்தவன் கையில் சோப்பைக் கொடுத்துவிட்டு, “தம்பி, இது தோலை இழுக்கும். அப்புத்தளைக் காத்துல செதில் செதிலா வெடிச்சுப் போவும். வேணும்னா வாங்கிக்க, ஆனா போடாத” என்பார். அவன் சோப்பை வைத்துவிட்டுக் காதர் நானா கடைக்குப் போய்விடுவான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பாவுக்கு எண்ணெய் சரக்கு மட்டும் இல்லை, நம்பிக்கை. நம்பாததை விற்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு பெட்டி சோப்பையும் கடைசியில் நாங்களே போட்டுத் தீர்த்தோம்.

தீபாவளி இருக்கிறதே என்றுதான் அப்பா தைரியமாக இருந்தார். தமிழனாகப் பிறந்தவன் அன்றைக்கு எண்ணெய் தேய்க்காமல் இருப்பானா? வருஷம் பூராவும் சோப்புப் போட்டாலும் அன்றைக்கு எங்களிடம் வந்துதானே ஆகவேண்டும்? தீபாவளிக்கு முந்தின வாரம் ஒவ்வொரு பெரிய கங்காணியும் வண்டி அனுப்பித் தன் ஆட்களுக்கு எண்ணெய் எடுப்பது வழக்கம். அந்த ஒரு வார வியாபாரம் எங்களுக்கு அரை வருஷச் சாப்பாடு. விட்டதையெல்லாம் அதில் பிடித்துவிடலாம் என்று, அந்த வருஷம் அப்பா வழக்கத்தைவிட மேலாகச் சரக்கை வரவழைத்தார். கடை கொள்ளாமல், நாங்கள் படுக்கிற அறையிலும் தகரங்கள். இந்தத் தீபாவளி தப்பினால் கடை இல்லை என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். தகரங்களுக்கு நடுவில் படுத்திருந்தால் கேட்காமல் எப்படி இருக்கும்?

வண்டி எதுவும் வரவில்லை. அண்ணன் வேலை பார்த்த தோட்டத்துச் சின்னையாக் கங்காணி மட்டும் நடந்து வந்தார். எங்களுக்குப் பழைய வாடிக்கை. வருஷா வருஷம் தீபாவளிப் பலகாரத்துக்கு எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்.

“என்ன கங்காணி, வண்டி எங்க?” என்றார் அப்பா.

“வண்டி எதுக்குங்க மொதலாளி? போத்தல் ஒண்ணு குடுங்க, போதும்.”

அப்பா அளந்து கொடுத்தார். கங்காணி போன பிறகுதான் அப்பா பொங்கினார். யாரோ குறைந்த விலைக்குக் கொடுத்து வாடிக்கையைக் கலைக்கிறார்கள், கொழும்பிலிருந்து நேராகவே தோட்டத்துக்குச் சரக்கு போகிறது, கங்காணி மறைக்கிறார். “நேர்ல போயிப் பாக்குறேன்” என்றார். அவருக்கு ஒரு எதிரி தேவைப்பட்டான் என்று இப்போது தோன்றுகிறது. எதிரி இருந்தால் சண்டை போடலாம், விலையைக் குறைக்கலாம், ஏதாவது செய்யலாம்.

தீபாவளியன்று காலை எங்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. பீலிக்கரையில் கங்காணியின் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், லயத்து இளவட்டங்கள் எல்லாரும் துண்டோடு வரிசையாக நின்றார்கள். எல்லாம் கிராப்பு. எங்கள் அண்ணனும் அந்த வரிசையில். அப்பாவைக் கண்டதும் கங்காணிக்கு வாயெல்லாம் பல்.

“வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. பெரியவங்க கையால வையுங்க மொதலாளி. புள்ளைங்க நல்லா இருக்கட்டும்.”

கையில் எங்கள் போத்தலையும் ஒரு கிண்ணத்தையும் கொடுத்தார். பெரியவர்கள் எண்ணெயைத் தொட்டு உச்சியில் மூன்று தரம் வைத்து வாழ்த்துவது வழக்கம். அப்புறம் அவரவர் வாரித் தேய்த்துக்கொள்வார்கள். அப்பா முதல் தலையில் வைத்தார். அவன் பயபக்தியோடு குனிந்து வாங்கிக்கொண்டான். வாரித் தேய்க்கவில்லை. அப்பா வைத்த துளியையே இரண்டு கையாலும் பரப்பிக்கொண்டான். அந்த முடிக்கு அதுவே தாராளம். பீலிக்குப் போய் இடுப்பிலிருந்து சோப்பை எடுத்தான். அடுத்தவன் வந்தான். அவனும் அப்படியே. அண்ணன் வந்தான். அவன் தலையில் வைக்கும்போது மட்டும் அப்பாவின் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, “நல்லா இருப்பா” என்று சொல்லிக் கிண்ணத்தைத் தொட்டார்.

வரிசை முடிந்தது. அப்பா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். வேறு தகரமும் இல்லை, வேறு கடைக்காரனும் இல்லை. யாரும் தீபாவளியைக் கைவிடவில்லை, எங்கள் கடையையும் கைவிடவில்லை. எல்லாரும் முறைப்படி செய்துவிட்டு, ஈரத் தலையோடு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். யாரை என்ன சொல்லித் திட்டுவது? கங்காணி வீட்டில் அதிரசம் தின்றோம். நன்றாக இருந்தது என்று அப்பா சொன்னார்.

நல்லெண்ணெய் காத்திருக்காது. மாதம் ஆக ஆகச் சிக்கு வாடை எடுத்தது. முதலில் அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்தோம், அப்புறம் கோவில் விளக்குக்குக் கொடுத்தோம், கடைசியில் வண்டிக்காரர்கள் அச்சுக்கு வாங்கிப் போனார்கள். எங்கள் கொல்லையில் சீயக்காய் இடித்துப் பிழைத்த பொன்னம்மா ஒருநாள் உலக்கையைச் சுவரோரம் சாத்திவிட்டு, “கொழுந்தெடுக்கப் போறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அப்போது தோட்ட வேலைக்குப் போகிற வயசில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

கடையை ஒரு தையல்காரர் எடுத்துக்கொண்டார். கோட்டும் ரவிக்கையும் தைக்க இரண்டு மிஷின் போட்டார். துணி கீழே விழுந்தால் கறை பிடிக்கிறது என்று அந்தக் கறுத்த தரையைச் சோப்புப் போட்டு வாரக்கணக்கில் தேய்த்தார். அப்பா எதிர்ப்புறம் நின்று அதைப் பார்த்திருக்கிறார். காதர் நானாதான் கையைப் பிடித்துத் தன் கடைக்குள் அழைத்துப் போய்த் தேத்தண்ணீர் கொடுத்தாராம்.

அதற்கப்புறம் அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு தோட்டத்துக்கே போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணமாகியிருந்தது. அப்பா இறந்த செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். சொந்தபந்தங்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் எண்ணெய் தொட்டு இறந்தவர் தலையில் வைக்கவேண்டும். யாரோ, “எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டாங்க” என்றார்கள். அண்ணி அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அலமாரி முழுக்கக் கலைத்துப் போட்டுவிட்டு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் நல்லெண்ணெய் இல்லை.

லயத்துக்கு ஆள் போனான். ஒவ்வொரு கதவாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். டவுனுக்கு அனுப்பலாமென்றால் மழையில் ரோடு உடைந்து கிடந்தது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். கடைசியில் சமையலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். அண்ணன் வைத்தான், நான் வைத்தேன், சின்னையாக் கங்காணியும் வைத்தார். அம்மாவைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவள் கிண்ணத்தை மோந்து பார்த்தாள்.

“அவரு தலைக்கு இது ஆவாதுடி” என்று என்னிடம் சொன்னாள்.

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. எண்ணெய் வைக்காமலே அவரை அனுப்பிவைத்தாள்.