தட்டுக்குக் கீழே பத்தாயிரம் லீரா

1996 மார்ச், செவ்வாய்க்கிழமை. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் ஒரேத்தோ பகுதியில் வசிக்கும் என் சித்தி மகன் யேசுதாசன் வீட்டிலிருந்து மதியம் பஸ் ஏறினேன். சீட்டு ஆயிரத்தைந்நூறு லீரா. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் அவன் கோப்பை கழுவும் சாப்பாட்டுக்கடை இருந்தது. ஒன்பது மேசைகள். அவன் என்னைத் தன் விருந்தாளியென்று முதலாளிக்குச் சொல்லிவிட்டுக் கழுவப் போனான். பாஸ்தா எட்டாயிரம் லீரா. அதற்குமேல் பாணுக்கும் மேசை விரிப்புக்குமென்று ஆளுக்கு இரண்டாயிரம் பில்லிலேயே போட்டிருந்தார்கள்.

நான் ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பதினொரு வருடமாக மேசை பார்ப்பவன். அங்கே எங்கள் மணிச் சம்பளம் வாடகைக்கே காணாது. சாப்பிட வருபவர்கள் விட்டுப்போகும் டிப்ஸில்தான் சீவியம். ஒன்றும் வைக்காமல் எழும்ப எனக்கு மனம் வராது. கையில் கொடுக்கவோ கூச்சம். பரிமாறிய நரைத்த மனிதர் உள்ளே போனதும், பத்தாயிரம் லீராத் தாளை மடித்துத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியேறினேன்.

புதன், காலை பத்து மணி. வேலைக்குப் போன யேசுதாசன் திரும்பி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் இருந்தான்.

"அண்ணை, நேற்றுத் தட்டுக்குக் கீழை காசு வைச்சனீங்களோ?"

"ஓம். மேசை பார்த்த மனிசனுக்கு."

"இஞ்சை அவைக்கு முதலாளி மாசச் சம்பளம் குடுக்கிறார். சில்லறை விட்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். போன வருசம் ஆரோ ஒருத்தன் இப்பிடித்தான் பெரிய தாள் வைச்சவன். மூண்டு நாளால வந்து, மூலை மேசையிலை வழக்கமா சாப்பிடுறவர் எத்தினை மணிக்கு வாறவர் எண்டு கேட்டவன். காசை எடுத்தபடியால் சொல்ல வேண்டி வந்திட்டுது. அதுக்குப் பிறகு அந்த மூலை மேசைக்காரர் வரேல்லை."

அவனுடைய பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். இன்று தருவதாகச் சொன்னவர், "உன் விருந்தாளிக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டு, அவனை அனுப்பிவிட்டாராம்.

மதியம் ஒரு மணிக்கு இருவரும் போனோம். வாசலில் ஆட்கள் இடமில்லாமல் நின்றார்கள். நேற்று நான் சாப்பிட்ட மேசை மட்டும் காலியாக இருந்தது. என் தட்டில் குழம்பு காய்ந்து கிடந்தது. முள்ளுக்கரண்டி நான் வைத்தபடியே இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கரண்டிச் சத்தம் நின்றது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

தட்டைத் தூக்கித் தாளை எடுத்தேன். கனடா வழக்கத்தை யேசுதாசன் விளக்கினான். நரைத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் அதைத் தமிழில் சொன்னான்: "பிறகு வந்து ஒண்டும் கேக்கமாட்டீங்கள்தானே எண்டு கேக்கிறார்."

கேட்கமாட்டேன் என்று தலையாட்டினேன். அதன் பிறகே அவர் தட்டைத் தொட்டார். முதலாளி மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே வரும்போது மூலை மேசையைப் பார்த்தேன். விரிப்பும் பாண் கூடையும் ஒரு கண்ணாடித் தம்ளரும் வைக்கப்பட்டிருந்தன. கதிரையில் ஆளில்லை.

ரொறன்ரோவில் இப்போதும் தட்டுகளைத் தூக்கிக் காசு எடுக்கிறேன். தாள் பெரிதாக இருந்தால் மட்டும், எடுக்க முன்னர் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.