ஜிம்மியின் காலில் கோப்பித்தூள்

இது ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, நடந்தது. எந்த மாதத்துப் போயா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடில்லை. வெசாக் என்று அம்மா அடித்துச் சொல்வார். வெசாக் என்றால் கொட்டாஞ்சேனையில் எங்கள் லேன் முழுக்க வெளிச்சக்கூடுகள் தொங்கியிருக்க வேண்டும். அன்று நான் ஒரு கூட்டையும் காணவில்லை. தவிர, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம் அது. ஆகவே செப்டெம்பர் போயா என்பதே என் முடிவு.

போயா என்பது மட்டும் உறுதி. இல்லாவிட்டால் மாமா வீட்டில் இருந்திருக்க மாட்டார். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் தங்கியிருந்தார். புறக்கோட்டையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் சாமான் நிறுக்கும் வேலை. அங்கிருந்து அவர் கொண்டுவரும் கோப்பித்தூளுக்கு எங்கள் வீட்டில் இரண்டு உபயோகம் இருந்தது. குடிப்பது ஒன்று; காயத்துக்கு வைப்பது மற்றது. யாருக்கு எங்கே வெட்டினாலும் ஒரு சிட்டிகை கோப்பித்தூளை வைத்து அமத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, லேனில் தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றிலும் இதே வைத்தியம்தான். கால் வெட்டுப்பட்டது நாய்க்கு என்றபோதும் யாரும் வேறுவிதமாக யோசிக்கவில்லை.

ஜிம்மி சின்ன நாய். மண் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. காலையில் லேன் முனையில் கிடந்த தகரத்துண்டில் முன்னங்காலின் அடியை வெட்டிக்கொண்டு, சீமெந்துத் தரையெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தபடி நொண்டி வந்தான். மாமா அவனை மடியில் கிடத்தி, காயத்தைக் கழுவி, கோப்பித்தூளை அள்ளி வைத்தார். அது உதிர்ந்து விழுந்தது. மாமாவுக்கு எதையும் திருத்தியமைக்கும் குணம் உண்டு. தூளைக் கிண்ணத்தில் போட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் களிபோலக் குழைத்தார். அதை அப்பி, மேலே தன் பழைய கைலேஞ்சியைக் கட்டினார். கோப்பித்தூளை இப்படி ஒட்டவைக்கலாம் என்று இதுவரை ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

ஜிம்மிக்கும் அது மிகவும் பிடித்துப்போயிற்று. தேங்காயெண்ணெய் அவனுடைய பலவீனம். மாமா கை கழுவ எழுந்ததும் லேஞ்சியைப் பல்லால் அவிழ்த்து, களியை முழுக்க நக்கித் தீர்த்தான். மாமா திரும்பி வந்து, கட்டு நழுவிவிட்டது என்று மறுபடி குழைத்து அப்பினார். அவன் மறுபடி நக்கினான். நான் வாசற்படியில் இருந்து சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். களி மருந்தாக இறங்கி உள்ளே போய்விட்டது என்று மாமா நினைத்தார் போலும். பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்.

பத்து மணியளவில் ஜிம்மி எழுந்து ஓடத் தொடங்கினான். முன்னறையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கட்டிலடிக்கு. நொண்டலே இல்லை.

"பாத்தியா அக்கா, மருந்து பிடிச்சிட்டுது," என்றார் மாமா. "விடிய நொண்டினவன் இப்ப பந்தயக் குதிரை."

"குதிரையோ? எனக்கெண்டால் பேய் பிடிச்சவன் மாதிரித் தெரியுது. நாக்கைப் பார்."

நாக்கு தரையைத் தொடுமளவுக்குத் தொங்கியது. மூச்சு வாங்கினான். தண்ணீரைக் குடித்தான், கக்கினான், மறுபடி ஓடினான். பிறகு நிற்க முடியாமல் சுவரோடு சாய்ந்தான். பின்னங்கால்கள் நடுங்கின. நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே இருதயம் துடிப்பதை எண்ண முடியவில்லை. துடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே அதிர்வாக இருந்தது.

மாமாவின் முகம் மாறிற்று. நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர் போன கிழமைதான் ஜிம்மி குரைக்கிறான் என்று முறையிட்டிருந்தார். அந்த வீட்டுக் கதவைப் பார்த்து மாமா சத்தமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, ஜிம்மியைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். அம்மா தடுக்குமுன் நானும் ஏறிவிட்டேன். பக்கத்து மிருக வைத்தியர் போயாவுக்குப் பூட்டியிருந்தார். ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒன்று திறந்திருக்கும் என்று ஓட்டோக்காரர் சொன்னார். வேறொரு நாளென்றால் புறக்கோட்டையைக் கடக்கும்போதே ஜிம்மியின் கதை முடிந்திருக்கும். அன்று வீதி வெறுமையாகக் கிடந்தது.

அங்கே இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர், இளம் பெண். நாய் என்ன சாப்பிட்டது என்று சிங்களத்தில் கேட்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, யாரோ நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று மாமா பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைப்பில் கோப்பித்தூள் காலுக்கு வைத்த மருந்து. அதை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? எலிப்பாஷாணமாக இருக்குமோ என்று டொக்டர் கேட்டார். இருக்கும் என்றார் மாமா. டொக்டர் ஊசி மருந்து இருந்த அலுமாரிப் பக்கம் திரும்பினார்.

எனக்கு அப்போதே ஒரு பழக்கம் இருந்தது. எது நடந்தாலும், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கி அடுக்கிப் பார்ப்பேன். நடுக்கத்துக்கு முன்னால் ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னால் களி. களிக்கு முன்னால் ஜிம்மி ஒரு சாதாரண நொண்டி நாய். இடையில் எதிர்வீட்டுக்காரர் எங்குமே வரவில்லை.

"கோப்பி, மிஸ்," என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் துண்டுதுண்டாக வந்தது. "ஒக்கொம லெவகேவா." எல்லாவற்றையும் நக்கிவிட்டான் என்றதும் டொக்டர் திரும்பிப் பார்த்தார்.

"கொச்சறத, துவ?" எவ்வளவு மகள் என்று கேட்டார். இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கறுப்பாக ஏதோ கரைத்து வாய்க்குள் விட்டார்கள், காலில் ஊசி ஏற்றிச் சேலைன் கொடுத்தார்கள், நடுக்கம் அடங்க மருந்து போட்டார்கள். இதற்கிடையில் டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். நாங்கள் கோப்பி குடித்தால் கொஞ்ச நேரம் நித்திரை வராது, அவ்வளவுதான். நாயின் உடம்பு அந்தச் சரக்கை எங்களைப்போல் தாங்காது. இருதயத்தை விரட்டிவிடும், வலிப்பு வரும். தூளாக உள்ளே போனால் குடிக்கும் கோப்பியைவிடப் பல மடங்கு மோசம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அது தானாகக் கழியும்வரை இருதயத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எலிப்பாஷாணம் என்று நினைத்து வேறு வழியில் போயிருந்தால் நேரம் வீணாகியிருக்கும் என்று சொல்லி என் தலையைத் தடவினார்.

பிறகு மாமாவோடு தனியாகச் சற்று நேரம் தாழ்ந்த குரலில் கதைத்தார். வெளியே வந்த மாமா, ஜிம்மி இன்றைக்கு அங்கேயே நித்திரை கொள்ளட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். திரும்பும் வழியில் ஓட்டோவை வெள்ளவத்தைப் பக்கம் விடச்சொல்லி எனக்குப் பெரிய கிளாசில் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தான் ஒன்றும் எடுக்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேனுக்கு வந்ததும் மாமா முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை; தலை குனிந்திருந்தது. பிறகு கூடியிருந்தவர்களிடம் என்னைக் காட்டினார்.

"இவள் வாய் திறந்திராட்டி அவன் அங்கயே முடிஞ்சிருப்பான். எனக்கு வராத மூளை இவளுக்கு வந்துது."

அன்று பின்னேரம் முழுவதும் நான் வாசற்படியில் நின்று கதையைச் சொன்னேன். கேட்க ஆள் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு தடவையும் என் சிங்களம் இன்னும் திருத்தமாக வந்தது. எதிர்வீட்டுக்காரரும் வந்து கேட்டார். யாரும் குறுக்கே பேசவில்லை. நான் சொன்னதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். இப்படி ஒரு சபை எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை.

மறுநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும்போது, மாமா மடித்த வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போனார். மத்தியானம் நான் வீடு திரும்பிச் சீருடை மாற்றுமுன் லேன் முனையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே ஓட்டோ உள்ளே வந்தது. பின்சீட்டில் அந்த விரிப்பு அகலமாக விரிக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில், காலில் சுத்தமான கட்டோடு, மாநகர முதல்வர் ஊர்வலம் போவதுபோல் ஜிம்மி அமர்ந்திருந்தான். லேனே கைதட்டியது. மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. தன் வைத்தியம் தோற்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லிக் காட்டவில்லை; வென்றவர்களுக்கு அந்தளவு பெருந்தன்மை வேண்டாமா?

ஜிம்மி அதற்குப் பிறகு பல வருடம் இருந்து, கிழவனாகி, நித்திரையில் போனான். அவன் போனபிறகுதான் அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அந்த வெள்ளை விரிப்பை மடிச்சுக் குடுத்தது நான்தான். விடியுமட்டும் தாங்குமோ தெரியாது எண்டு டொக்டர் சொல்லிவிட்டிருந்தவ. பிள்ளைக்குக் காட்டாமல் அதிலயே சுத்தி மண்ணில தாட்டுப்போட்டு வா எண்டுதான் குடுத்தனான்."

லேனில் எல்லாருக்கும் தெரியும் என்றார். வாசற்படியில் நான் என் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்த பின்னேரத்தில், அந்த வெற்றி இன்னும் வந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. மறுநாள்கூட எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் ஜிம்மி வீடு திரும்புகிறான், அவனுக்கு வீட்டிலிருந்ததிலேயே நல்ல விரிப்பை விரித்திருக்கிறார்கள் என்பதுதான்.