வகுபடாத வீட்டில் பெண் எடுப்பேன்

என் கணவரின் தம்பிக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. குடி இல்லை, கோபம் இல்லை, தலையில் முடிகூட இருக்கிறது. எண் பைத்தியம் ஒன்றுதான் குறை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்து வருவது அவர் வேலை. குறித்தோமா வந்தோமா என்று இருக்கமாட்டார். மூடியில் பொறித்த ஏழிலக்க எண்ணைப் பார்த்து அதன் பூர்வோத்திரத்தையே தோண்டுவார். பேக்கரிக்காரரிடம் அவருடைய மீட்டர் "மிகை எண்" என்று சொல்லி வைத்தார். அதாவது, அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்களையெல்லாம் கூட்டினால் அதைவிட அதிகம் வருமாம், பன்னிரண்டுக்கு வருகிற மாதிரி. அந்த மனிதர் மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று அலுவலகத்தில் போய் ரகளை செய்தார்.

பகா எண் என்றால் இவருக்கு உயிர். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாத எண். பெண் வீட்டு மீட்டர் பகா எண்ணாக இருந்தால்தான் கல்யாணம் என்று சத்தியம் வேறு. முதல் வீட்டு எண் இரட்டைப்படை, வாசலோடு திரும்பிவிட்டார். அடுத்த வீடு மூன்றால் போயிற்று. அருமையான பெண், பல் டாக்டர். இன்னொரு இடத்தில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் பதினேழு குறுக்கே புகுந்தது. அன்று நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

அப்புறம்தான் சலவைக் கடைக்காரி வந்தாள். துணியை இஸ்திரிப் பெட்டியாலும் வாடிக்கையாளரை வாயாலும் ஒரே நேரத்தில் மடிக்கிறவள். கடையும் வீடும் ஒரே கட்டடம், ஒரே மீட்டர்: 1022117. மாதம் ஒருமுறை பார்க்கவேண்டிய மீட்டரை இவர் வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

என் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். எண் பத்து லட்சத்தைத் தாண்டினாலும், இதற்கு ஆயிரத்துப் பத்துக்குள் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். கால்குலேட்டரைத் தொடமாட்டார், அது அழுகுணி ஆட்டமாம். ஒருநாள் மாலை வந்து, பகா எண்தான் அண்ணி என்றார். நான் மறுநாளே பெண் கேட்கக் கிளப்பிவிட்டேன்.

அவர்கள் வீட்டில் பேச்சு முடிகிற தறுவாயில் அவள் கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்தாள். உங்கள் மீட்டர் பகா எண் என்று இவர் அளந்த பெருமையைக் கேட்டு, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் தட்டிப் பார்த்தாளாம்.

"ஆயிரத்து ஒன்பதால போகுதுங்க. ஆயிரத்துப் பதிமூணு தடவை."

இதுவும் போச்சு என்று செருப்பை எங்கே விட்டோம் எனத் தேடினேன். இவரோ எழுந்திருக்கவில்லை.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் வகுத்தேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "அடுத்த பகா எண் அந்த ஆயிரத்து ஒன்பதுதான், அதோட முடிஞ்சிடும். அத மட்டும் வகுக்கல."

"ஏன்?"

"போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

தூக்கத்தில்கூட வகுக்கிற மனிதர். ஒரே ஒரு கணக்கை விட்டுவைத்துவிட்டு என்னிடம் கூசாமல் புளுகியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

அவள் கால்குலேட்டரை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அதான் நான் வகுத்துட்டேனே. நீங்க இன்னும் இங்கதானே உக்காந்திருக்கீங்க."