‘வச்சு செய்றாங்க’ என்றால்

இன்று காலை ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என்னிடம் தன் போனை நீட்டினார். பட்டு நெய்கிற குடும்பமாம். மகள் சென்னையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

“இதுக்கு இன்னாம்மா அர்த்தம்? கொஞ்சம் பாத்து சொல்லேன்.”

மகள் அனுப்பியிருந்தது: “ஆபீஸ்ல எல்லாரும் என்ன வச்சு செய்றாங்கம்மா.”

அதற்குக் கீழே அக்காவின் பதில்: “ரொம்ப சந்தோஷம் கண்ணு. நல்ல ஜனங்க கெடைச்சிருக்காங்க.”

“கூட வச்சிகினு எல்லாம் செஞ்சி குடுக்கறாங்கன்னுதானே? அப்புறம் ஏன் இவ சரியாவே பேச மாட்டேங்கறா?”

சொல்லாமல் விட முடியவில்லை.

“அப்படி இல்லக்கா. விடாம கிண்டல் பண்ணி நோகடிக்கிறாங்கன்னு அர்த்தம்.”

அக்கா உடனே மகளுக்குப் போன் போட்டார்.

“நீ சொன்னது அம்மாவுக்குப் புரியல கண்ணு. இப்பதான் தெரிஞ்சிது. சொல்லு, கேட்டுகினு இருக்கேன்.”

அந்தப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது. கண்ணமங்கலம் தாண்டியும் அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “நீ சாப்பிட்டு இரு. நான் வந்துகினே இருக்கேன்” என்றார்.

வேலூரில் இறங்கியதும் சென்னை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் அனுப்பியதில் புரியாத வார்த்தை இருந்தால், ஹார்ட் போட்டுவிட்டுப் போகாமல் இங்கே கமெண்டில் கேளுங்கள். எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.