எண்பது சென்ட் நிலமும் ஒரு கதவும்

தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு டைப் அடிப்பவன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சின்ன காஞ்சிபுரத்தில் என் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 2002ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் துரைக்கண்ணு என் எதிரில் வந்து நின்றாரே, அந்தக் கோபத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

துரைக்கண்ணு, தாமலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரின் தலையாரி. கிராம உதவியாளர் என்று அரசாங்கம் பெயரை மாற்றினாலும் ஊருக்கு அவர் தலையாரிதான். இருபத்தாறு வருஷமாக அதே வேலை, அதே சைக்கிள். மேலிடத்திலிருந்து வரும் அறிவிப்புகளை ஊரில் ஒட்டிவிட்டு, ஒட்டியாயிற்று என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் அவர் பொறுப்பு. அதில் மனுஷருக்குக் கொள்ளை கர்வம். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து அவரே காய்ச்சுவார். அவர் ஒட்டிய வாக்காளர் பட்டியல் அடுத்த தேர்தல் வரை அப்படியே இருக்கும் என்று என்னிடமே பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குக் கூடவே மனைவி கிருஷ்ணவேணியும் வந்திருந்தார். ஏரி மதகுக்குக் கீழே எண்பது சென்ட் நஞ்சை அந்த அம்மாள் பேரில் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு பேருமாக வாங்கியது. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான்.

"நேத்து ஜீப்புல வந்தாங்க சாமி. நாத்து வுட்ட கழனியில மஞ்சக் கல்லு நட்டுக்கினு போறாங்க. இன்னான்னு கேட்டா, இது இனிமே விவசாய நெலம் இல்லியாம். தொழிற்சாலைப் பகுதின்னு மாத்திட்டாங்களாம். நம்ம கழனி நடுவுல அறுவது அடி ரோடு வருதாம்" என்றார் துரைக்கண்ணு.

"எங்கள ஒரு வார்த்த கேக்க வாணாமா?" என்றார் கிருஷ்ணவேணி.

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. நிலத்தின் உபயோகத்தை மாற்றுவதென்றால் முதலில் ஊரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் கொடுக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் இந்தத் திட்டத்தை நிறுத்தவே ஒரு வழி உண்டு என்றேன். "ஒட்டினார்களா இல்லையா, அதைச் சொல்லும்."

துரைக்கண்ணு என் மேஜையில் ஓங்கி அறைந்தார். டைப்ரைட்டர் மணி தானாக அடித்தது.

"எங்க ஊர்ல காயிதம் ஒட்டறவனே நாந்தான் சாமி! எனக்குத் தெரியாம எவன் ஒட்டுனான்? எங்க ஆத்தா மேல சத்தியமா ஒட்டல!"

அது போதாதா எனக்கு? மனுவில் பொரிந்து தள்ளினேன். 'அறிவிப்பு ஒட்டப்படவே இல்லை' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கிருஷ்ணவேணி கைநாட்டு வைத்தார். வழக்கமாக நான் யாருடனும் போவதில்லை; அன்றைக்கு நானும் அவர்களோடு ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார். பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான் வாய்விட்டுப் படித்தேன். மார்ச் நான்காம் தேதி, பஞ்சாயத்து ஆபீசில், பொதுமக்கள் பார்வைக்காக ஒட்டப்பட்டது. அறுபது நாளில் ஆட்சேபணை எதுவும் வரவில்லை. கீழே கையெழுத்து.

துரைக்கண்ணு.

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கையெழுத்துதான்" என்றார்.

கிருஷ்ணவேணி காகிதத்தைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்தார். "எங்கய்யா ஒட்டுன? ஊர்ல ஒருத்தர் கண்ணுலகூடப் படலியே?"

அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தார். மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் அவர் ஊருக்குப் போனோம்.

பஞ்சாயத்து ஆபீசின் ஒற்றைக் கதவு உள்பக்கமாக விரியத் திறந்து, சுவரோடு சாய்ந்து, கல் முட்டுக் கொடுத்து நின்றது. வாசல் சுவரில், உள்சுவரில், பலகையில் எல்லாம் தேடினேன். ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

"பாத்தீங்களா சாமி, ஒண்ணும் இல்ல" என்றார் கிருஷ்ணவேணி. அந்த முகத்தில் உயிர் வந்தது. எனக்கும்தான். ஒட்டாமலே கையெழுத்துப் போட்டிருந்தால் இவர் வேலை போகும், ஆனால் நிலம் மிஞ்சலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

துரைக்கண்ணு உள்ளே வந்தார். முட்டுக் கல்லைக் காலால் தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தினார். இருட்டாகிவிட, நான் தடவி விளக்கைப் போட்டேன்.

கதவின் உள்பக்கத்தில் நான்கு தாள்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கிழிசல் இல்லை.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். "இங்கே ஒட்டினால் யாருக்கய்யா தெரியும்?"

"வெளிய ஒட்டுனா ஆடு துன்னுடுது, மழையில நனையுது. ஒருவாட்டி பட்டியல் கிழிஞ்சுபோயி தாசில்தார் எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு சாமி. அதுலேர்ந்து இங்கதான். யாராவது வந்து கேட்டா, கதவ சாத்திக் காட்டுவேன்."

வாக்காளர் பட்டியல் என்றால் ஜனங்கள் கேட்பார்கள். இப்படி ஒரு திட்டம் வருவதே தெரியாதவர்கள் எதைக் கேட்பார்கள்? ஆபீஸ் திறந்திருந்த நேரமெல்லாம் அந்தத் தாள்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாத்தியிருந்த நேரத்தில் உள்ளே ஆளே இல்லை. அறுபது நாளும் அப்படியே போய்விட்டது.

"நீராவது படித்திருக்கக் கூடாதா?"

"வருசத்துக்கு நாப்பது காயிதம் வருது. ஒட்டறது என் வேலை, படிக்கறது ஊரு வேலைன்னு இருந்துட்டேன் சாமி."

கிருஷ்ணவேணிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். முதல் தாளிலிருந்து விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது தாளில், நடுவில், விரல் நின்றது. 214/3. நிலவரி கட்டிய கிஸ்து ரசீதில் வருஷா வருஷம் பார்க்கிற சர்வே எண்.

"ஐயோ, நம்மளுது" என்றார்.

அடுத்த நொடி இரண்டு கை நகத்தாலும் அந்தத் தாளைப் பிறாண்டத் தொடங்கினார். ஓரம்கூட எழும்பவில்லை. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. வெளியே யாரோ, ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று தட்டினார்கள்.

துரைக்கண்ணு மெல்ல அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வராது, வேணி. நான் ஒட்டுனது."