நீலம் என்று எழுதியவன்

ஏழுமலை இறந்துபோன செய்தியை விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர்தான் வந்து சொன்னார். நான் அப்போது ஆலையில், அதே ட்ரான்ஸ்பார்மர் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

திண்டிவனம் எண்ணெய் ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய அலட்சியத்தால்தான் ட்ரான்ஸ்பார்மர் வெடித்தது என்று உங்களில் பலர் இன்னும் நம்புகிறீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் எலெக்ட்ரீஷியன்களாகச் சேர்ந்தவர்கள். ட்ரான்ஸ்பார்மர் எண்ணெய் சூட்டில் விரியும். ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஒரு கண்ணாடிக் குப்பி வழியாகத்தான் உள்ளே போகும். குப்பியில் சிலிகா ஜெல் என்னும் நீல மணிகள் இருக்கும். காற்றின் ஈரத்தை அவை குடித்துக்கொள்ளும். குடித்து நிறைந்தால் ரோஜா நிறமாகிவிடும். "செவந்துட்ச்சின்னா அதுக்கு வயிறு ரொம்பிட்ச்சின்னு அர்த்தம். அப்புறம் தண்ணி எண்ணெய்க்குத்தான் போவும், எண்ணெயில தண்ணி கலந்தா வெடிச்சிடும்" என்பார் ஏழுமலை.

சிவந்த மணிகளை ஓர் இரும்புச் சட்டியில் போட்டு வறுப்பார். ஈரம் போனதும் அவை பழையபடி நீலமாகும். ஒருநாள் காவல்காரர் அந்தச் சட்டியில் மல்லாட்டைக் கடலை வறுக்கப் போனார். ஏழுமலை ஓடிப்போய்ப் பிடுங்கினார். "அந்த நீலம் வெஷம்யா. சாவறதுக்கு உனுக்கு வேற வழியே கெடைக்கலியா?"

அந்த ஐப்பசியில் தினமும் குப்பியைப் பார்த்து நிறத்தை நோட்டில் எழுதுவது என் முறை. அடைமழை, நனையச் சோம்பல். பதினெட்டு நாள் குப்பியைப் பார்க்காமலே 'நீலம்' என்று எழுதினேன். பத்தொன்பதாம் நாள் காலையில், இந்த மழையிலும் நீலமா என்று சந்தேகப்பட்டு ஏழுமலையே போய்ப் பார்த்தார். மணிகள் அத்தனையும் சிவந்து கிடந்தன. நோட்டும் கையுமாக ஸ்விட்சை அணைக்க ஓடினார். அதற்குள் வெடித்துவிட்டது. கொதிக்கும் எண்ணெயில் அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் முதலாளி நோட்டைக் கேட்டார். "எரிஞ்சி போச்சிங்க. பாக்க வேண்டியவன் நான்தான்" என்றார் ஏழுமலை. நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. முதலாளி போன பிறகு என்னிடம், "எனுக்குக் கைதான் போச்சி. ரெண்டு குடும்பம் எதுக்குப்பா பட்டினி கெடக்கணும், ஒண்ணு போதும்" என்றார்.

அவருக்கு வேலை போயிற்று. விழுப்புரத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் இடது கையை வைத்துக்கொண்டு பிழைத்தார். எட்டு வருஷத்தில் ஒருதடவைகூட நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க என்ன முகம் இருந்தது எனக்கு?

துக்க வீட்டில் அவர் மனைவி ஓரம் கருகிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. என்னாங்க எழுதியிருக்குது?"

"நீலம்னு எழுதியிருக்குதும்மா."

"யாரு எழுத்துங்க?"

"என் எழுத்துதாம்மா" என்றேன்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். நாளைக் காலை ஆலை வாசலில் அதைப் பிரித்து வைக்கப்போகிறேன். வந்து பாருங்கள். என் கையெழுத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும்.