கத்திரி வெயிலில் ஹீட்டர்

கத்திரி வெயிலில் வண்டிக்குள் ஹீட்டர் மாட்டிய ஒரே குடும்பம் மேற்குத் தாம்பரத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த ஹீட்டருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்பாவிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. கூடுவாஞ்சேரிப் பக்கம் அப்போதுதான் மனை போட்டு வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அங்கே பெயின்ட் டின்னும் பைப்பும் கொண்டுபோய் இறக்குவார். அந்த வண்டிக்குக் கோபம் ஜாஸ்தி. பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிவிடும். எங்கள் ஏரியா போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதையே வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உள்ளே இருந்த மெல்லிய குழாய்களெல்லாம் அடைத்துக்கொண்டுவிட்டன. பெரிய ரேடியேட்டர் போட்டால்தான் தீரும் என்று ஒருவழியாக முடிவாகி, சொல்லியும் வைத்தாயிற்று. வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

பார்த்து அந்த வாரத்தில்தானா அத்தைக்கு முதல் சமையல் ஆர்டர் வர வேண்டும்!

அத்தை அப்பாவின் தங்கை. புகுந்த வீட்டில் பட்டது போதும் என்று ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. யார் கேட்டாலும் "லீவுக்கு வந்திருக்கா" என்றுதான் அப்பா சொல்வார். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு நீளமான லீவு தர மாட்டார்களே என்று எனக்கு ஒரே பொறாமை. அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அத்தைக்கு மனசு வரவில்லை. சமைத்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் கூடுவாஞ்சேரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மதியச் சாப்பாடு என்றதும், "நானே கொண்டுபோய் இறக்கறேன்" என்று முணுமுணுத்தார். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் முதல் ஆர்டரே கடைசி ஆர்டர். அது எனக்கே தெரிந்திருந்தது.

பீச் ஸ்டேஷன் மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வரும் என் சித்தப்பா, லீவு நாட்களில் மட்டும் இன்ஜினியர். புதுப்பேட்டைப் பழைய கார் சாமான் கடையில், ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஒரு ஹீட்டரோடு வந்து சேர்ந்தார். ஹீட்டர் என்பதே ஒரு குட்டி ரேடியேட்டர்தானாம். இன்ஜினில் கொதிக்கிற தண்ணீர் அதற்குள் ஓடும். சின்ன ஃபேன் ஒன்று அந்தச் சூட்டை முன்சீட்டுப் பக்கம் ஊதிவிடும். குளிர்நாட்டுக்காரனுக்குக் கதகதப்பு, நமக்கு இன்ஜின் ஆறும். மெக்கானிக் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார், ஊட்டிக்கா ட்ரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே மாட்டியும் கொடுத்தார், நல்ல மனுஷன்.

அன்றைக்கு வழக்கம்போல முன்சீட்டில் ஏறப்போன என்னை அப்பா அலாக்காகத் தூக்கி, அத்தையோடு பின்னால் விட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பாவோ, சாம்பார் அண்டா ஆடாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தானாகவே பின்னால் தாவி ஏறிக்கொண்டார். முன்னால் என்ன நடக்கும் என்று கண்டுபிடித்தவருக்குத் தெரியாதா!

வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்கு வந்த கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. வண்டி நகரவில்லை. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடப் போனபோது அப்பா ஹீட்டர் சுவிட்சைத் தட்டினார். நாங்கள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கழற்றினார். பிறகு துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். முள் இறங்க இறங்க அப்பாவின் முகம் சிவந்துகொண்டே போனது.

அத்தையால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"அண்ணா, ஓரம் கட்டுங்க. வண்டி ஆறட்டும், அப்புறம் போலாம்."

"வண்டி ஆறுறதுக்குள்ள சாம்பாரும் ஆறிடும். பேசாம உக்காரு."

போய்ச் சேர்ந்தபோது இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் ஆவி பறந்தது. அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனார். ஹீட்டருக்குப் போகும் குழாய் கிளட்ச் மிதிக்கிற காலில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கணுக்கால் முழுக்கக் கன்றிப் போயிருந்தது. அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அண்டாவை இறக்க வந்துவிட்டார். இப்போது அந்தக் காலை நினைத்தால் விழுந்து கும்பிடத்தான் தோன்றுகிறது.

பந்தியில் வத்தக்குழம்பை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பெண்ணின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சமையல் யாரு சார்? கல்யாணத்துக்கும் இவங்களே பண்ணிடட்டும். எங்க இருக்காங்க?"

அப்பா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் தங்கச்சிதான் சார். தாம்பரத்துல எங்க வீட்டுலதான் இருக்கா. இனிமே அங்கதான்."

சாதக் கூடையோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். கூடையை என் கையில் திணித்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். நானும் கூடையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் எங்கள் வீட்டில் இருப்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதைச் சொன்னதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா?